பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்குகிற கணக்கு, பேரிளம்பெண்ணின் நாற்பதில் முடிந்துவிடுகிறது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களை வீதி உலா வரச் செய்தார். மூன்று முறையும் இந்த ஏழு பருவத்துப் பெண்களே வாசலுக்கு வந்து நின்று மயங்கினார்கள். அந்தத் தெருவில் நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்திகூடவா இல்லாமல் இருந்திருப்பாள்? அவள் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாளா, திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாளா என்று எந்த உலாவும் சொல்லவில்லை. மன்னனைக் கண்டு காதல் கொள்ளும் பெண்களைப் பற்றிய நூலில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பதோடு பெண்ணை எண்ணுவதை நிறுத்திவிடும் பழக்கம் உலாவோடு போய்விடவில்லை. நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது.

நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் இரண்டு பெண்களின் கதைகளை எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பேச்சு வந்தபோது ஔவை பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிக் கேட்டாள். ஒரே கணத்தில் கன்னி கிழவியானாள் என்பது நாட்டார் கதை. காரைக்காலில் புனிதவதியின் கணவன் பரமதத்தன் மாங்கனி அதிசயத்தைக் கண்டு பயந்து, பாண்டிநாட்டுக்குப் போய் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்து, கடைசியில் இவள் காலிலேயே விழுந்தான். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எனக்கு எதற்கு என்று அவள் தன் உடம்பின் சதையை உதிர்த்துப் பேயுருக் கொண்டாள் என்கிறது பெரியபுராணம். இருவரும் ஞானத்துக்குப் போன வழி ஒன்றேதான். இளமையிலிருந்து நேராக மறுகரைக்குத் தாவினார்கள். நடுவில் கிடந்த இருபது முப்பது வருஷங்களை அவர்கள் வாழவே இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சங்கப் பாடல்களில் இருக்கிற ஔவை கோலூன்றிய கிழவி அல்ல. அதியமானின் நண்பர். அவனோடு உட்கார்ந்து கள் அருந்தியவர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அந்தப் புலவருக்கு என்ன வயது என்று பாடல்கள் சொல்லவில்லை. ஆனால் வேலையும் நட்பும் வாக்கு வன்மையும் உள்ள வளர்ந்த பெண்ணாக அவர் அங்கே நிற்கிறார். பிற்காலத்துக் கதைகள் எல்லா ஔவையரையும் சேர்த்து ஒரே பாட்டியாக்கின. 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படம் அந்தப் பாட்டியைத் தமிழ் மனத்தில் உறுதியாக உட்கார வைத்தது. திருநீறும் வெள்ளைச் சேலையுமாக அந்தப் பாத்திரத்தில் நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. நடுவயதுப் பெண் ஒருத்தி தன் குரலின் முழு வலுவோடு நம் முன் வந்து பாடினாள். நாம் பார்த்தது கிழவியை.

நடுவில் விடுபட்ட அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை என்று வைத்துக்கொள்ளலாம். வரம் கேட்டுத் தாண்ட முடியாமல், ஒவ்வொரு நாளாக நடந்தே கடக்க வேண்டிய காலம் அது.

உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். மேற்கத்திய நாடுகளில் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 51 வயதில் நிற்கிறது என்றால், இந்தியப் பெண்களுக்கு 46, 47இலேயே நின்றுவிடுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். அதற்கு முந்தைய நாலைந்து வருஷங்கள்தான் பாடாய்ப் படுத்துபவை. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறுகிறது, சரிகிறது, மறுபடி ஏறுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் பகுதி அப்போது மிகச் சின்ன மாற்றத்துக்கும் கூச்சப்பட ஆரம்பிக்கிறது. கால் டிகிரி கூடினாலும் உடம்பே பற்றிக்கொண்டதுபோல ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைக் கொட்டவைக்கிறது. கழுத்தில் தொடங்கி முகத்துக்கு ஏறும் அந்தச் சூடு சில நிமிஷங்களில் அடங்கிவிடும். பிறகு குளிரும். ராத்திரியில் இப்படி நாலு தடவை நடந்தால் தூக்கம் எங்கே வரும்? தூக்கம் இல்லாதவளுக்கு மறுநாள் ஞாபகம் தப்புகிறது. குக்கரில் எத்தனை விசில் வந்தது என்பது மறந்துபோகிறது. சின்னச் சொல்லுக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது. மூட்டு வலிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது; இதய நோயோ என்று பயந்து இசிஜி எடுத்துவிட்டு வருகிறாள். தைராய்டு கோளாறும் இதே வேஷத்தில் வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் எலும்பு தேய்வது மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக நடக்கிறது. ஐம்பத்தைந்தில் வாசல் படியில் வழுக்கிக் கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறிவது அதன் பலன்.

இவ்வளவும் நடக்கிற வீட்டில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதல் உதிரத்துக்கு நாம் மண்டபம் பிடிக்கிறோம். கடைசி உதிரம் எது என்று அவளுக்கே அப்போது தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் அறந்தாங்கி பக்கம் ஒரு சடங்குக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா மகள் வீட்டு விசேஷம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸில் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் சீர் செண்டை மேளத்தோடு வந்து இறங்கியது. தட்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வீடியோக்காரர் பின்னாலேயே நகர்ந்தார். போட்டோவுக்குப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். பந்திக் கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற குழாயடியில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தாள் அக்கா. பட்டு ரவிக்கை முதுகு முழுக்க நனைந்து நிறம் மாறியிருந்தது. உதடும் நகக்கண்ணும் வெளிறிக் கிடந்தன.

“என்னக்கா செய்யுது?”

“ஒண்ணுமில்லடி. குப்புனு வேர்த்துக் கொட்டுது. ரெண்டு நிமிஷம் இரு, அடங்கிரும்.”

அடங்கியது. எழுந்தபோது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். சேலையின் பின்புறத்தை என்னிடம் காட்டி, “ஏதும் பட்டிருக்கா பாரு” என்றாள். படவில்லை. அப்புறம்தான் சொன்னாள். “இந்தத் தடவ இருபது நாளாச்சு, நிக்கவே மாட்டேங்குது. யார்ட்டயும் சொல்லிக்கிறாத. விளக்கக்கூட நான் ஏத்தல, நாத்தனார ஏத்தச் சொல்லிட்டேன்.”

“டாக்டர்ட்ட போனியா?”

“போனேன். எடுத்துரலாம்னாங்க. விசேஷம் முடியட்டும்னு இருக்கேன். எல்லாரும் எடுக்கிறதுதானே.”

மேடையில் மகளின் உதிரத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தாய் தன் உதிரத்தைத் தீட்டு என்று மறைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். சடங்கு தேவையா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. பெண் குழந்தையின் உடம்பில் நடக்கிற மாற்றத்துக்கு ஊரையே கூட்டத் தெரிந்த ஒரு சமூகம், அதே உடம்பில் முப்பது வருஷம் கழித்து நடக்கிற மாற்றத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

“எல்லாரும் எடுக்கிறதுதானே” என்று அவள் சொன்னது மிகையல்ல. 2015–16இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு முதல்முறையாகக் கர்ப்பப்பை நீக்கத்தைப் பற்றி விரிவாகக் கேட்டது. 15லிருந்து 49 வயதுக்குள் அந்த அறுவை செய்துகொண்ட பெண்களில் பாதிப்பேர் 34 வயதிலோ அதற்கு முன்போ செய்துகொண்டிருந்தார்கள். ஆந்திரமும் தெலங்கானாவும் முதல் வரிசையில் நின்றன. பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அதிகப்படியான ரத்தப்போக்குதான் பெண்கள் சொன்ன முதல் காரணம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. தேவையில்லாத அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. சில நோய்களுக்கு அந்த அறுவை உயிர் காக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பயத்தாலும், வேலை நாள் போகும் என்பதாலும், பிள்ளை பெற்றாயிற்று இனி இது எதற்கு என்பதாலும் எடுப்பது வேறு. பிள்ளையாரிடம் ஔவை கேட்ட வரத்தை இங்கே பணம் கட்டிக் கேட்கிறார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்து விழும். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் ஏழு. ஸ்கேன் எடுத்தார்கள், உள்திசுவைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. ரத்தப்போக்குக்கு மாத்திரையும், நரம்பு வழியாக இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஒன்றரை வருஷம் போல இழுத்து, தானாகவே நின்றது. தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பில் இந்த வயதின் பெருக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் அந்த உதட்டின் நிறத்தில் பார்த்தேன்.

இந்த வயதின் தொந்தரவுகளுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரை பற்றிய பயத்தையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, மார்பகப் புற்றும் மாரடைப்பும் கூடுவதாகச் சொல்லி 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்கப் பெண்கள் அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். பிற்பாடு அதே தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது சித்திரம் மாறியது. அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் இருக்கிற, கடும் தொந்தரவு உள்ள பெரும்பாலான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவ அமைப்புகளின் நிலை. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் ரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்பதைக்கூட யாரும் நம் பெண்களிடம் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மதம் இந்த வயதை வேறுவிதமாகக் கவனித்திருக்கிறது. சபரிமலையில் பத்திலிருந்து ஐம்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் வரக்கூடாது என்ற வழக்கம், அதைத் தொட்டு வந்த வழக்கு, 2018 தீர்ப்பு எல்லாம் தெரிந்ததே. அந்தச் சர்ச்சைக்கு வெளியே ஒன்று நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஐம்பது தாண்டிய வருஷம் மாலை போட்டு, இருமுடி கட்டி, மாளிகைப்புரமாக மலையேறுகிறார்கள். “இனி எனக்குத் தடையில்லை” என்று ஒருத்தி சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் நிம்மதியைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளையும் சமையலையும் விட்டுவிட்டு அவள் தனக்கென்று போகும் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் அதுதான். மேல்மருவத்தூர் இன்னொரு வழியைத் திறந்தது. மாதத்தின் எந்த நாளிலும் பெண் கருவறை வரை வரலாம் என்று அங்கே சொன்னார்கள். சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போனார்கள். பக்தி உள்ளவளோ இல்லாதவளோ, அந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் அவள் என்ன பேசிக்கொண்டு போகிறாள் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். முட்டி வலி, தூக்கமின்மை, மருமகள், மகனின் வேலை, இன்னும் நிற்காத மாதவிலக்கு எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. வீட்டில் பேச முடியாததைப் பேச ஓர் இடம் கிடைத்ததற்காகவே அந்த யாத்திரைகளை நான் மதிக்கிறேன்.

உடம்பு மாறுகிற அதே வருஷங்களில் வீடும் மாறுகிறது. மகளைக் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம், மாமியார் குளியலறையில் விழுகிறார். இத்தனை காலம் டிபன் பாக்ஸ் கட்டிய கை இப்போது டயப்பர் மாற்றுகிறது. அப்பாவுக்குக் கண் அறுவை, அம்மாவுக்கு மறதி. கணவனுக்குச் சர்க்கரை. பிள்ளை காலி செய்துவிட்டுப் போன அறையில் அவன் பழைய நோட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. எடைக்குப் போட மனம் வரவில்லை.

‘நாற்பதுக்கு மேல் நாய்க்குணம்’ என்று ஒரு பழமொழியை நம்மவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். இருபது வருஷமாக ஆளாளுக்கு முறுகலாய், மெத்தென்று, நெய் போட்டு, போடாமல் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, ஆறியதைத் தான் தின்ற ஒருத்தி ஒரு காலையில் கரண்டியை வைத்துவிட்டு, “இன்னைக்கு ஆளுக்கு ஒண்ணு ஊத்திக்குங்க” என்கிறாள். வீடு திகைத்துப் போகிறது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். வயசுக் கோளாறு என்று முடிவு கட்டுகிறார்கள். தூக்கமில்லாத எரிச்சல் அதில் உண்டுதான். ஆனால் இருபது வருஷத்துத் தோசையும் அதில் இருக்கிறது.

இங்கேதான் இந்த வயதின் உண்மையான உள்வேலை நடக்கிறது என்று நினைக்கிறேன். உடம்பு கிளப்பிவிட்ட எரிச்சல் எது, வாழ்க்கை சேர்த்து வைத்த கோபம் எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போட்டால், கேட்கப்பட வேண்டிய நியாயம் மாத்திரையோடு விழுங்கப்பட்டுவிடும். எல்லாமே நியாயமான கோபம் என்று எடுத்துக்கொண்டால், வைத்தியம் பார்க்க வேண்டிய உடம்பு கிடந்து அல்லாடும். என் தோழி ஒருத்தி, மானாமதுரைக்காரி, பள்ளிக்கூட டீச்சர், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். “ராத்திரி வர்ற கோவத்த அப்பவே பேச மாட்டேன். காலைல காப்பி குடிச்ச பெறகும் அது அப்படியே இருந்தா, அது நெசக் கோவம். அத விடமாட்டேன்” என்பாள். அப்படி விடாமல் பேசித்தான், வீட்டுக் கணக்கை எழுதும் உரிமையையும், ஞாயிற்றுக்கிழமை சமைப்பதில்லை என்ற முடிவையும், தன் அம்மாவைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் சம்மதத்தையும் ஒவ்வொன்றாக வாங்கினாள். கணவர் முதலில் முறைத்தார். இப்போது ஞாயிறு உப்புமா அவர் கைவேலை. அவளுக்கு எலும்புக்கு மாத்திரையும் உண்டு, சாயங்காலம் நடையும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் அவள் தேறினாள்.

இந்தக் காலம் வீணானது, கழித்துக்கட்ட வேண்டியது என்று நினைப்பவர்களுக்கு உயிரியலில் ஒரு பதில் இருக்கிறது. பெரும்பாலான விலங்குகளில் பெண் சாகும்வரை ஈன்றுகொண்டே இருக்கும். ஈனுவது நின்ற பிறகும் நெடுங்காலம் வாழ்வது மனிதப் பெண்ணுக்கும், பல்லுள்ள திமிங்கில இனங்கள் சிலவற்றுக்கும், இன்னும் ஒன்றிரண்டு உயிர்களுக்கும் மட்டுமே வாய்த்தது. பசிபிக் கடலின் ஓர்க்காத் திமிங்கிலக் கூட்டங்களைப் பல்லாண்டு பார்த்து எழுதிய ஆய்வு 2015இல் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுபவை ஈனும் வயதைக் கடந்த பெண் ஓர்க்காக்களே. அதிலும் சால்மன் மீன் அற்றுப்போன பஞ்ச வருஷங்களில் அவற்றின் தலைமை கூடுதலாகத் தெரிந்தது. தான்சானியாவின் ஹாட்சா வேட்டை இனத்தாரிடையே தங்கிப் பார்த்த கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், பிள்ளைப்பேறு முடிந்த பெண்கள் இறுகிய மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுத்துவந்து பேரப்பிள்ளைகளைத் தேற்றுவதை எழுதினார்கள். இயற்கை தாண்டிவிடச் சொல்லவில்லை. வேண்டுமென்றே நீட்டிக் கொடுத்திருக்கிறது.

நம் ஊரிலும் அப்படி நீட்டிக் கொடுத்த ஆண்டுகளை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். தாசி குலத்தில் வளர்ந்து அந்த முறையையே எதிர்த்தவர். ‘தாசிகளின் மோசவலை’ நாவல் 1936இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. இரண்டு வருஷம் கழித்து, இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அதில் நடந்த ஒரே பெண் அவர். 42 நாள், 577 மைல். அதே தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தபோது நாற்பது வயதுக்காரர். உலாக் கவிகள் பெண்ணை எண்ணி முடித்த வயது. ஆதரவற்ற பெண்களுக்கு அவர் நடுவயதில் தொடங்கிய இல்லத்துக்கு வைத்த பெயர் ஔவை. புற்றுநோயில் தங்கையை இழந்த துயரத்தைப் பல காலம் சுமந்திருந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது அவர் அறுபதையும் தாண்டியிருந்தார். எல்லாப் பெண்களும் இவர்களைப்போல ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேர்வையும் தூக்கமின்மையும் பெருக்கும் எல்லோரையும்போல இவர்கள் உடம்பையும் கடந்துதான் போயிருக்கும். அந்த ஆண்டுகளுக்கு உள்ளே நின்றே வேலை செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்களில் நடுவயதுப் பெண்கள் கூட்டம் கூடியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரணம் சொல்லி ஐம்பது ரூபாய் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் போனதும், பெரியாஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் அவள் தானாகவே கிளம்புகிறாள். உடம்பு நலம் என்று எதை எதையோ விற்கிறார்கள். யாரையும் கேட்காமல் வாசலைத் தாண்ட முடிவதும் அதில் சேர்ந்ததுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அரசிடமும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கு வீடு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தருகிறது. கொண்டுவருபவர்களும் பெண்களே, அவர்களில் பலர் இதே வயதுக்காரர்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே நாற்பது தாண்டிய பெண்ணிடம் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் போகிறதா? ராத்திரி தூங்க முடிகிறதா? மனசு பாரமாக இருக்கிறதா? ஆம் என்று சொல்பவளை எங்கே அனுப்புவது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது.

வாசிக்கிறவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் வீட்டில் இந்த வயதில் ஒரு பெண் இருப்பாள். அம்மாவாக, அக்காவாக, மனைவியாக, அண்ணியாக. அல்லது நீங்களேதான் அவளாக இருப்பீர்கள். ராத்திரி அவள் ஃபேனைக் கூட்டி வைத்தால் குறைக்கச் சொல்லாமல் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.